தன்மை ஒருமை

'ட்ரோல்' என்ற சொல்லை எந்த வாய்பாட்டில் மாட்டுவது என்று மங்கையர்க்கரசி காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

'பண்ணு' என்று ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ட்ரோல் பண்ணினான், லைக் பண்ணினான், ஷேர் பண்ணினான். தமிழர்கள் எந்த மொழிச் சொல் வந்தாலும் அப்படித்தான் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் சொல்லகம் நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியிலேயே எழுத்து ஓடும் காலம் இது. கண்ணாடியின் ஓரத்தில் இடம் குறைவு. ஒரு வினை ஒரே சொல்லாக இருக்க வேண்டும், ஆள் யார், காலம் எது என்பதெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். அதற்குத்தான் இலக்கணம் படித்த அரசியைப் பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் உட்கார வைத்திருந்தார்கள்.

"கொல், கொன்றான். செல், சென்றான்," என்றாள் அரசி. "அப்ப ட்ரோல்?"

எதிர் மேசையிலிருந்த ஃபெலிக்ஸ் தலையைத் தூக்கினான். அவன் அவளுக்கு மேலதிகாரி. தூத்துக்குடிக்காரன், கணக்கு படித்தவன், இலக்கணம் என்றால் சிரிப்பு வரும் அவனுக்கு.

"ட்ரோன்றானா?"

"ட்ரோன்றான், ட்ரோல்கிறான், ட்ரோல்வான். 'அவனை நாலு பேரு சேர்ந்து ட்ரோன்றுட்டாங்க.' எப்படி?"

"கொலைக்கேஸ் மாதிரி இருக்கு."

"சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிப் பதிந்தாள்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. 'ஷேர்' என்பதற்கு ஷேரினானா, ஷேர்ந்தானா என்று இருவரும் ஒரு மதியம் சண்டை போட்டார்கள். சேர்ந்தான் மாதிரி ஷேர்ந்தான் என்று அவள்தான் ஜெயித்தாள். செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பதற்கு 'சீன்' என்ற சொல் கிடைத்தபோது, தின்றான் போலச் சீன்றான் என்று வைத்தாள். 'மூணு மெசேஜையும் சீன்றுட்டு உட்கார்ந்திருக்கான்' என்று ஊரே எழுதத் தொடங்கியது. கெஞ்சினேன் போலக் கிரிஞ்சினேன். மூட்டினாள் போல மியூட்டினாள். ஜனங்கள் பேச்சிலும் எழுத்திலும் புதிதாகத் தலைகாட்டும் சொற்கள் அவள் திரையில் வந்து விழும். அவள் வாய்பாடு கொடுப்பாள். சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் எல்லா உருவத்தோடும் 'இழை'யில் ஏறிவிடும். இழை என்பது சொல்லகத்தின் மொழி இயந்திரம். தமிழில் எவர் வாய்திறந்து போனிடம் பேசினாலும், எவர் விரல் எழுத்தைத் தொட்டாலும், அதை வாக்கியமாக்கிக் கொடுப்பது இழைதான். ஆஸ்பத்திரியில் டாக்டரின் குறிப்பு, டிவியின் அடியில் ஓடும் எழுத்து, போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம், எல்லாம் அதன் வழியாகத்தான் வந்தன.

அன்று மதியம் 'ஏகாம்பரம் பண்ணு' என்ற தொடர் வந்து விழுந்தது.

'நேத்து மீட்டிங்ல சரவெடியா ஏகாம்பரம் பண்ணிட்டான்.' 'துக்க வீட்டுல போய் ஏகாம்பரம் பண்ணாதே.' சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவைப்பது என்று பொருள் தெரிந்தது. அரசி வாக்கியங்களைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஃபெலிக்ஸ், இங்க பாருங்களேன். அலங்காரம், அலங்கரி. அனுபவம், அனுபவி. ஏகாம்பரம்?"

அவன் யோசித்தான். "ஏகாம்பரி."

"ஏகாம்பரித்தான். ஏகாம்பரிக்கிறான். ஏகாம்பரிப்பான். ஏகாம்பரிக்காதே." அவள் கைதட்டிச் சிரித்தாள். "தொல்காப்பியர் காலத்திலேயே இருந்த மாதிரி இருக்கு. ஒரு ஒட்டு வேலையும் தேவைப்படல."

"யாரு இந்த ஏகாம்பரம்?"

"தெரியல. ஏதாவது காமெடி கேரக்டரா இருக்கும்."

இயந்திரம் வழக்கமான கேள்வியைக் கேட்டது. இந்த வினை செயப்படுபொருளை ஏற்குமா? அரசி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "சிரி மாதிரி வைக்கிறதா, அழி மாதிரி வைக்கிறதா? சிரித்தான், அழித்தான். உருவம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா 'சிரி'க்கு 'ஐ' வராது. ஒருத்தனை அழிக்கலாம், ஒருத்தனைச் சிரிக்க முடியாது."

"ஐ வச்சா நல்லா ஓடும்," என்றான் ஃபெலிக்ஸ். "யாரை, யாரைன்னு கேட்டாத்தான் ஜனங்களுக்குச் சுவாரசியம்."

அவள் 'ஏற்கும்' என்று தொட்டாள். அடுத்த சொல்லுக்குப் போனாள்.

ஏகாம்பரித்தல் காட்டுத்தீயாகப் பரவியது. கிரிக்கெட் வர்ணனையில் கேட்டது. ஆபீஸ் கேண்டீனில் கேட்டது. மதுரையிலிருந்து போனில் பேசிய அம்மா, "உங்க சித்தப்பா கல்யாணத்துல தாலி கட்டுற நேரம் பார்த்து ஏகாம்பரிச்சுட்டாரு" என்றபோது அரசிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தன் வாயில் பிறந்த உருவம் தன் அம்மா வாயில்!

ஆனால் 'ஐ' தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. யாரை ஏகாம்பரித்தான்? துக்கத்தில் இருப்பவனை ஏகாம்பரித்தான், அதாவது அவன் துக்கத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, செத்தவரையே ஏகாம்பரித்தான், அதாவது அவர் செத்ததே நிம்மதி என்று இருந்தான். பிறகு, இருந்தவரைச் செத்தவராக்கிவிட்டுச் சிரித்தான். பொருள் ஒவ்வொரு படியாக இறங்கிப் போவதை அரசி தன் திரையில் பார்த்தாள். சொற்கள் இப்படி நகர்வது வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டாள். 'நாற்றம்' என்றால் ஒரு காலத்தில் நறுமணம்தானே.

ஒருநாள் வரவேற்பறையிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ ஒரு பெண் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார், போக மாட்டேன் என்கிறார், வினைச்சொல் போடுகிறவரைப் பார்க்க வேண்டுமாம்.

முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கையில் ஹெல்மெட், தோளில் பிசியோதெரபி கிளினிக் ஒன்றின் பெயர் போட்ட பை. அரசியைக் கண்டதும் எழுந்தாள்.

"என் பேரு தாட்சாயணி, மேடம். எங்க அப்பா பேரைச் சொல்றேன். சிரிச்சுடாதீங்க."

"சொல்லுங்க."

"ஏகாம்பரம்."

அரசிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உதடு ஒரு கணம் அசைந்ததை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். பார்த்துப் பழகியவள் போல, அதற்காக ஒன்றும் சொல்லாமல் தொடர்ந்தாள்.

"பாலாத்தங்கரையில சின்ன ஊரு எங்களுது. அப்பா டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காரு. அம்மா கணக்கு டீச்சர், கஸ்தூரி டீச்சர்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். போன மாசி மாசம் தூக்கத்துலயே போயிட்டாங்க. படிச்ச பசங்கல்லாம் சேர்ந்து அம்மா போட்டோவைப் போட்டு, ஆளாளுக்கு அதுக்குக் கீழ அஞ்சலி எழுதியிருந்தாங்க. அப்பா காரியமெல்லாம் முடிஞ்சு வந்து உட்கார்ந்து, ஒவ்வொருத்தருக்கா பதில் போட்டாரு. என்ன எழுதுறதுன்னு தெரியல அவருக்கு. அதனால ஒரு மூஞ்சியைப் போட்டாரு."

"எந்த மூஞ்சி?"

"கண்ணுல தண்ணி வர்ற மூஞ்சி. அழுறதுன்னு நினைச்சுட்டாரு. அது விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சி, மேடம். ஒருத்தருக்கு ரெண்டு பேருக்குன்னா பரவாயில்லை. யாரையும் விட்டுடக் கூடாதுன்னு பொறுமையா எல்லாருக்கும் போட்டிருக்காரு. நாங்க பார்த்து எடுக்கிறதுக்குள்ள எவனோ போட்டோ எடுத்துப் பரப்பிட்டான். பெண்டாட்டி செத்ததுக்குச் சிரிக்கிற ஏகாம்பரம்னு."

வரவேற்பறையில் காபி இயந்திரம் உறுமி ஓய்ந்தது.

"அதோட போயிருந்தா சிரிச்சுட்டு மறந்திருப்பாங்க," என்றாள் தாட்சாயணி. "அப்புறம் அந்தச் சொல்லு வந்துச்சு. பெண்டாட்டியை ஏகாம்பரிச்சவன்னு எழுத ஆரம்பிச்சாங்க. எங்க தாய்மாமாவுக்கு அப்பான்னா உசிரு. ஒரே தட்டுல சாப்பிட்டவங்க ரெண்டு பேரும். அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. அக்கா நல்லாத்தானே இருந்தா, எப்படிச் செத்தான்னு கேட்டு ஸ்டேஷன்ல மனு கொடுத்துட்டாரு. விசாரிக்கக் கூப்பிட்டாங்க. அப்பா போனாரு. அங்க பேசினா மெஷின் எழுதிக்கும்."

அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். வாக்குமூலத்தின் தொடக்கம்.

'நான் ஏகாம்பரித்தேன். வயது அறுபத்தாறு.'

அரசி அதை மறுபடி படித்தாள்.

"அவர் என்ன சொன்னாரு?"

"'நான் ஏகாம்பரம், வயசு அறுபத்தாறு'ன்னு சொன்னாரு, மேடம். பேரு கேட்டா பேரைத்தானே சொல்லுவாங்க. மெஷின் கீழயே ஒரு சுருக்கம் போட்டிருக்கு, முதல் வரியிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டார்னு. அம்மாவை எரிச்சாச்சு, இனி எதைப் பார்த்துச் சொல்றது? இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன்தான். ஆனா ஃபைல் மேல போயிடுச்சு, என் கையில இல்லைங்கிறாரு. அப்பா சப்-ஜெயில்ல இருக்காரு."

இத்தனை கோடிப் பேர் நாக்கில் 'ஏகாம்பரித்தான்' என்ற வினை புரள்கிறது. 'ஏகாம்பரம்' என்ற பெயரைச் சொல்பவர்கள் சொற்பம். மெலிந்த குரலில், பதற்றத்தில், தேய்ந்த உச்சரிப்பில் ஒருவர் 'நான் ஏகாம்ப...' என்று தொடங்கினால் இழை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று அரசிக்குத் தெரியும். அப்படித் தேர்ந்தெடுக்கத்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"எங்க சிஸ்டத்துல எங்கேயோ தப்பு ஆயிருக்கு," என்றாள். "நான் பார்க்கிறேன்."

'எங்கேயோ' என்று சொன்னது அவளுக்கே கேட்டது. தாட்சாயணி கைகூப்பினாள். அந்தக் கூப்பிய கையைப் பார்க்காமல் அரசி லிஃப்டை நோக்கி நடந்தாள்.

ஃபெலிக்ஸ் முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எடுத்துடலாம்னு சொல்லுதீங்களா? எடுத்தா நிக்குமா? ஜனங்க வாயில ஏறிட்டு. அவங்க சொல்லச் சொல்ல, சாயங்காலத்துக்குள்ள இழை திரும்பக் கத்துக்கிடும். கெட்ட வார்த்தையை எடுக்கப் போய் நாம பட்ட பாடு ஞாபகம் இருக்குல்லா?"

"அந்த ஆள் ஜெயில்ல இருக்காரு, ஃபெலிக்ஸ்."

"எனக்கு மட்டும் சந்தோஷமா? ஆனா நம்ம தப்புன்னு எழுதிக் கொடுக்க லீகல் விட மாட்டாங்க. வேற வழி ஏதாவது பாருங்க. சின்னதா."

அரசி உட்கார்ந்து அந்த வினையின் எல்லா உருவங்களையும் யார் யார் எங்கே சொன்னார்கள் என்று பார்க்கத் தொடங்கினாள். அவன் ஏகாம்பரித்தான், மலை மலையாக. அவள் ஏகாம்பரித்தாள், கொஞ்சம் குறைவு. நீ ஏகாம்பரிக்காதே, ஏராளம். 'நான் ஏகாம்பரித்தேன்' என்பதைத் தேடினாள். அபூர்வமாக இருந்தது. ஒரு நீரிழிவு கிளினிக்கில் ஒருவர், 'நான் ஏகாம்பரித்தேன், காலில் புண் ஆறவில்லை' என்று சொல்லியிருந்தார். ஒரு கல்யாணத் தகவல் மையத்தில் ஒருவர், 'நான் ஏகாம்பரித்தேன், பெண்ணுக்கு வரன் பார்க்கிறேன்'. பிறகு அந்த ஸ்டேஷன். எல்லாரும் ஏகாம்பரம் என்று பெயர் வைக்கப்பட்ட மனிதர்கள்.

அந்தப் பிழைகளைத் தவிர, ஒருவர்கூட அந்தச் சொல்லைத் தன்மேல் போட்டுக்கொள்ளவில்லை.

"இதோ இருக்கு வழி," என்றாள் ஃபெலிக்ஸிடம். "'பெய்தேன்'னு யாராவது சொல்றாங்களா? 'விடிந்தேன்'னு சொல்றாங்களா? தன்மை ஒருமை இல்லாத வினை தமிழ்ல இருக்கு. இதையும் அப்படி வச்சுடலாம். ஏகாம்பரித்தான் இருக்கட்டும், ஏகாம்பரித்தேன் கிடையாது. அப்ப அவர் 'நான் ஏகாம்பரம்'னு சொன்னா அது பேரா மட்டும்தான் இருக்க முடியும்."

ஃபெலிக்ஸின் முகம் தெளிந்தது. "ஒரே ஒரு கட்டம். அவ்வளவுதானே? யார் கேட்கப் போறா."

இழை கேட்டது. அது ஒரு சொல்லுக்கென்று தனி விதி எதையும் வைத்துக்கொள்ளாது. எந்தத் திருத்தத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை அது தன் போக்கில் புரிந்துகொள்ளும். அரசி அவசரத்தில் எழுதினாள்: 'இது பழிக்கு உரிய செயல். செய்தவர் தம்மைப் பற்றி இதைச் சொல்வதில்லை. பிறரைப் பற்றியே சொல்வர்.'

இழை ஏற்றுக்கொண்டது.

அரசி சொன்னபடி, ஸ்டேஷனின் ஒலிப்பதிவை மறுபடி இழையில் ஓட்டச் சொல்லித் தாட்சாயணி வக்கீல் மூலமாக மனு போட்டாள். ஓட்டினார்கள். 'நான் ஏகாம்பரம். வயது அறுபத்தாறு.' என்று வந்தது. சுருக்கத்தில் ஒப்புதல் எதுவும் இல்லை. அவர் வீடு திரும்பிய அன்று தாட்சாயணி அழைத்து, பேச முடியாமல் தேம்பினாள். மாமாவும் வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். "உங்களை நாங்க மறக்க மாட்டோம், மேடம்."

அன்று அரசி நன்றாகத் தூங்கினாள்.

முதல் விபரீதம் அவள் தம்பியிடமிருந்து வந்தது. மதுரையில் அம்மாவின் ஸ்கூட்டரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதியிருக்கிறான். செய்தி அனுப்பியிருந்தான். 'அக்கா, ஸ்கூட்டர் இடிக்கப்பட்டது. அம்மாவிடம் சொல்லப்படவில்லை.' என்னடா செந்தமிழ் என்று கேலி செய்ய வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டாள். அவனை அழைத்தாள்.

"நீ என்ன சொன்ன போன்ல?"

"இடிச்சுட்டேன்னுதான் சொன்னேன். ஏன்?"

அதன்பின் எங்கு பார்த்தாலும் அதுவே கண்ணில் பட்டது. ஒரு பஸ் டிரைவரின் வாக்குமூலம் டிவியில் ஓடியது: 'பிரேக் போடப்படவில்லை.' போட்டவர் போடாதவர் என்று யாரும் அதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் பையன் ஒருவன் மன்னிப்புக் கேட்டு எழுதியது, 'காப்பி அடிக்கப்பட்டது'. அரசியல்வாதிகளின் அறிக்கைகளில் மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர்கள் முன்பிருந்தே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, ஊரில் யாருக்கும் எதுவும் புதிதாகத் தோன்றவில்லை.

தன் திரையில் வந்து விழுந்த வாக்கியங்களில் ஒன்றை அரசியால் மறக்க முடியவில்லை. யாரோ ஒருவன் தன் மனைவிக்குச் சொன்னது. வாயால் சொன்னது: 'கோபத்துல அடிச்சுட்டேன் நித்யா, என் தப்புதான்.' இழை எழுதிக் கொடுத்தது: 'கோபத்தில் அடி விழுந்துவிட்டது நித்யா. தப்பு நடந்துவிட்டது.' அவன் அதைப் படித்துப் பார்த்திருக்கிறான். திருத்தவில்லை. அனுப்பிவிட்டான்.

பழிக்கு உரிய செயலைச் செய்தவர் தம்மைப் பற்றிச் சொல்வதில்லை. அவள் எழுதிய காரணம்தான். இழை அதை ஏகாம்பரித்தலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஜனங்கள் பேசியதை எல்லாம் அந்தக் கண்ணால் திரும்பப் பார்த்திருக்கிறது. பார்த்தால், உண்மைதான். கெடுத்தேன், ஏமாற்றினேன், காட்டிக்கொடுத்தேன், பொய் சொன்னேன். இந்த உருவங்களை மனிதர்கள் அரிதாகவே சொல்கிறார்கள். அரிதானதை இழை பிழை என்று எடுத்துக்கொள்ளும். பிழையைத் திருத்தும்.

"திரும்ப வச்சுடுவோம்," என்றாள் ஃபெலிக்ஸிடம்.

அவன் தன் திரையைத் திருப்பிக் காட்டினான். "ஒரு புகார்கூட வரல, அரசி. முன்ன வந்ததைவிடக் குறைஞ்சிருக்கு. மன்னிப்புக் கேட்கிறது இப்ப ஜனங்களுக்குச் சுலபமா இருக்காம். நிறையப் பேர் கேட்கிறாங்களாம். சண்டையெல்லாம் சீக்கிரம் தீருதுன்னு மேல இருந்து பாராட்டு வந்திருக்கு. உங்க பேரும் போயிருக்கு."

"அது மன்னிப்பு இல்ல."

"கேட்கிறவன் மன்னிப்புன்னு நினைக்கான். வாங்குறவனும் அப்படித்தான் நினைக்கான். நடுவுல நாம யாரு?" அவன் குரலைத் தாழ்த்தினான். "தவிர, இப்ப அந்தக் கட்டத்தைத் திரும்ப வச்சா ஏகாம்பரித்தேனும் திரும்ப வரும். அந்தப் பெரியவரைத் திரும்ப ஸ்டேஷனுக்கு அனுப்பப் போறீங்களா?"

அன்று அவள் எந்தச் சொல்லுக்கும் வாய்பாடு கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஏகாம்பரத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். எழுத வேண்டும் என்று முன்பே நினைத்ததுதான், ஒவ்வொரு நாளும் நாளை என்று தள்ளியது. போனை எடுத்துச் சொன்னாள்: "ஐயா, உங்க பேரை வினைச்சொல்லா ஆக்கினது நான்தான்."

'ஐயா, உங்கள் பெயர் வினைச்சொல்லாக ஆக்கப்பட்டது.'

அழித்தாள். விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டு எழுதினாள். 'நான் ஆக்கினேன்'. எழுதி முடித்ததும் வாக்கியம் ஒருமுறை சிலிர்த்து, 'ஆக்கப்பட்டது' என்று படிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். திருத்தத்தை அணைக்கும் வழி அவளுக்குத் தெரியும். ஆனால் இவள் பக்கத்தில் அணைத்தாலும் அவர் பக்கத்தில், அவர் போனில், திரும்பப் படிந்துவிடும். காகிதத்தில் எழுதி அனுப்ப மனம் வரவில்லை, நேரில்தான் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனாள்.

ஊரில் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. 'ஏகாம்பரம் டிரைவிங் ஸ்கூல்' என்ற பலகையின் முன் இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்குக் கீழே, கூரைக்கொட்டகையின் நிழலில், வெள்ளைச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்கள் போகிறவரை பேப்பரைப் பார்த்தபடி இருந்தார். போனதும் மடித்து வைத்தார்.

"வண்டி கத்துக்கணுமாம்மா?"

"இல்லைங்க ஐயா. நான் சொல்லகத்துல இருந்து வர்றேன். என் பேரு மங்கையர்க்கரசி."

அவர் முகம் மலர்ந்தது. "அடடா, நீங்கதானா? பொண்ணு சொன்னா. உங்களாலதான் நான் வெளிய வந்தேன்." எழுந்திருக்கப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தடுத்தாள். சொல்ல வந்ததை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது நேராகச் சொன்னாள்.

"ஐயா, உங்க பேரை வினைச்சொல்லா மாத்தினது நான்தான். ஆள் யாருன்னுகூடப் பார்க்கல. 'ஐ' போட்டு, ஒருத்தரை இன்னொருத்தர் செய்யுற காரியமா ஆக்கினதும் நான்தான். என்னாலதான் நீங்க உள்ள போனீங்க."

சொல்லி முடித்த பிறகு கொஞ்சம் தாமதித்து, அவள் சொன்னது எங்கோ தொலைவிலிருந்து வந்து சேர்ந்ததைப் போல, அவர் தலையசைத்தார்.

"ஆமாம்மா. என்னமோ ஆயிடுச்சு. நடக்கணும்னு இருந்திருக்கு. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

பெருந்தன்மையாகப் பேசுகிறார் என்றுதான் அரசி முதலில் நினைத்தாள். நெஞ்சு இலேசானது. இப்படியே கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் அவர் காதைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் சின்னதாக ஒன்று. காது கேளாதவர்களுக்கான புதுக் கருவி. வெளியில் பேசுவதை வாங்கி, இரைச்சலை நீக்கி, திருத்தமாகத் தானே ஒருமுறை சொல்லிக் காதுக்குள் விடும். அதற்குள் ஓடுவதும் இழைதான்.

"ஐயா, நான் இப்ப சொன்னது உங்களுக்கு என்னன்னு கேட்டுச்சு?"

அவர் யோசித்துச் சொன்னார். "பேரு வினைச்சொல்லா மாத்தப்பட்டதுன்னு கேட்டுச்சு. ஆள் யாருன்னு பார்க்கப்படலைன்னு. ஏம்மா? சரியாத்தானே கேட்டேன்?"

தெருவில் ஒரு மீன் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. எதிரே டீக்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அரசி குனிந்து, கையால் சைகை காட்டி, அந்தக் கருவியை எடுக்கச் சொன்னாள். அவர் புரியாமல் பார்த்தார். பிறகு எடுத்தார்.

"எடுத்துட்டா எனக்கு ஒண்ணும் கேட்காதும்மா," என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. "கத்தணும்."

அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"நான்தான் பண்ணினேன்," என்றாள். அவர் கையைக் குவித்துக் காதில் வைத்தார். அவள் மூச்சை இழுத்துக் கத்தினாள். "நான்தான் பண்ணினேன். உங்க பேரை நான்தான் எடுத்தேன்."

டீக்கடைக்காரர்கள் திரும்பினார்கள். ஒருவர் போனைத் தூக்கினார். தூக்கட்டும். அதில் என்ன எழுத்து ஓடும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த முறை தாமதம் இருக்கவில்லை. சொல் நேராகப் போய்ச் சேர்ந்தது. அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி மெல்ல அடங்கியது. நன்றி சொன்ன மனிதர் போய், சப்-ஜெயிலில் இருந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அதைப் போடும்போது சிரிச்சீங்களா?"

அரசிக்குத் தான் கைதட்டியது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது எல்லாம் நினைவுக்கு வந்தது.

"சிரிச்சேன்," என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சேன் ஐயா," என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

அவர் தலையசைத்தார். கருவியைத் திரும்பக் காதில் வைக்கப் போன கை பாதியில் நின்றது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டி அவள் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க," என்றார். "முதல்ல இருந்து சொல்லுங்க. இப்படியே கத்திச் சொல்லுங்க."